முஸ்லிம்காஸ்: சொல்லற்ற இசையும் உறைமேல் பெயர்களும்

1

பிரின் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் ‘முஸ்லிம்காஸ்’ என்னும் பெயரில் தனியொருவராக உருவாக்கிய மின்னணு இசைத்தொகுப்புகளைக் கடந்த இரண்டாண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பாலஸ்தீனம் குறித்த வீதி நாடகமொன்றுக்கு ஒலி தேடிக்கொண்டிருந்தபோது, நாடகங்களுக்கு ஒலியமைக்கும் நண்பர் ஒருவர் நான்கு தொகுப்புகளைத் தந்தார். “மொதல்ல தலைப்பப் பாக்காம கேளுங்க. அப்புறம் தலைப்ப வச்சுக்கிட்டுக் கேளுங்க. ரெண்டும் வேற வேறயா இருக்கும்” என்றார். நாடகத்துக்கு அந்த இசை பயன்படவில்லை. வசனத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற இசையாக அது இல்லை. ஆனால் அது கிளப்பிவிட்ட கேள்விகள் இன்னும் அடங்கவில்லை.

பிறகு எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டு தொகுப்புகளைப் போட்டுக் கேட்டோம். மூன்று விதமான எதிர்வினைகள் வந்தன. “பாட்டே இல்லையே, இதுல எங்கங்க அரசியல் இருக்கு?” என்றார் கவிதை எழுதும் நண்பர். தொழிற்சங்கத் தோழர் ஒருவர் கோபமாகவே சொன்னார்: “வெள்ளைக்காரன் அரபு வேஷம் கட்டியிருக்கான். எட்வர்த் ஸெய்தப் படிச்சுட்டு இதையா கொண்டாடப் போறோம்?” மாணவர் ஒருவர் அவருக்குப் பதில் சொன்னார்: “காஸாவுல இவ்வளவு நடந்தும் வாய் தெறக்காத ஆளுங்க எத்தன பேரு. இந்த மனுஷன் 1982லயே நின்னிருக்காரு தோழர். அது போதாதா?”

மூன்றையுமே எளிதில் தள்ளிவிட முடியாது. இந்த இசையை நண்பர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டுமானால் இம்மூன்றையும் எதிர்கொண்டுதான் பரிந்துரைக்க முடியும்.

2

முதலில் ஆளைப் பற்றி. பிரின் ஜோன்ஸ் 1961இல் பிறந்தவர், மான்செஸ்டர் வட்டாரத்துக்காரர். 1999 ஜனவரியில், 37 வயதில், ரத்தத்தில் பரவிய அரிய பூஞ்சைத் தொற்றால் இறந்துபோனார். 1982 ஜூனில் இஸ்ரேல் லெபனானுக்குள் படை நடத்தியது. செப்டம்பரில் பெய்ரூத்தின் சப்ரா, ஷத்திலா முகாம்களில் படுகொலை நடந்தது. அந்தப் படையெடுப்புக்கான எதிர்வினையாகவே முஸ்லிம்காஸ் என்ற பெயரும் அதன் கீழான இசையும் உருவாயின. அதற்குப் பிந்தைய பதினாறு ஆண்டுகளில் அவர் வெளியிட்டவை தொண்ணூறு தொகுப்புகளுக்கும் மேல். ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளின் சிறு நிறுவனங்கள் அவற்றைச் சில நூறு, சில ஆயிரம் படிகளாக வெளியிட்டன. அவர் நாடாக்களை அனுப்பிய வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர் இறந்த பிறகும் கையிருப்பிலிருந்த நாடாக்கள் தொகுப்புகளாக வந்துகொண்டே இருந்தன. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்தப் பொருளாதாரம் புதிதல்ல.

அவர் முஸ்லிம் அல்லர். பாலஸ்தீனத்துக்கோ எந்த அரபு நாட்டுக்கோ சென்றவருமில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்துக்குச் சுற்றுலாப் போகக் கூடாது என்பதைத் தன் நிலைப்பாடாகவே நேர்காணல்களில் சொன்னார். செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, நூலகப் புத்தகம் ஆகியவற்றின் வழியாக வந்து சேர்ந்த ஒரு நிலத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஒரு ஊரில் இருந்துகொண்டே இசை செய்தார்.

பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மஸ்லின் துணியையும் முஸ்லிம் என்ற சொல்லையும் ஒட்டவைத்த சிலேடை அது. மஸ்லின் என்ற சொல் மோசூல் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. காயத்துக்குக் கட்டும் காஸ் துணியின் பெயர் காஸா என்ற ஊரிலிருந்து வந்ததாகச் சொல்வோரும் உண்டு. தாக்காவின் மஸ்லின் நெசவு அழிந்ததில் பிரிட்டிஷ் ஆலைத்துணிக்குப் பங்குண்டு. அந்த ஆலைத்துணியின் தலைநகரம் மான்செஸ்டர். ஜோன்ஸ் இவ்வளவையும் யோசித்துத்தான் பெயர் வைத்தார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு பெயருக்குள் படிந்திருக்கும் வரலாறு, வைத்தவரின் உத்தேசத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஒரு காலனியக் கைத்தொழில் நகரத்தின் வாரிசு, அந்த நகரம் எந்த உலகத்தைச் சுரண்டித் தின்றதோ அதன் பெயரைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறார். இதை வேஷம் என்றும் சொல்லலாம், கடன் என்றும் சொல்லலாம்.

3

இனி ஒலி. பாடல் வரிகள் கிடையாது. தர்புக்கா, தபலா போன்ற கைத்தாளக் கருவிகளின் ஓசை, தாள இயந்திரம், பழைய வகை மின்னணு ஒலியாக்கிகள், நாடாச் சுழல்கள், ஒலிகளைக் கலக்கும் மேசை ஆகியவைதான் அவருடைய தளவாடங்கள். ஒரு சிறு ஒலித்துண்டை வெட்டி அதன் தலையையும் வாலையும் ஒட்டிவிட்டால் அது முடிவில்லாமல் சுற்றும். இப்படிச் சுற்றும் நான்கைந்து வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதை எப்போது திறப்பது, எதை எப்போது மூடுவது என்று மேசையில் கைவைத்துத் தீர்மானிப்பதே இசையமைப்பாகிறது.

இந்த முறைக்கு ஒரு மூதாதை உண்டு. 1970களில் ஜமைக்காவில் கிங் டப்பி போன்ற ஒலிப்பதிவாளர்கள், ஏற்கெனவே பதிவான ரெகே பாட்டிலிருந்து பாடகரின் குரலை உருவிவிட்டு, அடித்தாளத்தையும் கீழ்ச்சுருதியையும் மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்து, எதிரொலியைச் சேர்த்துப் புதிய இசைத்தட்டு செய்தார்கள். ‘டப்’ என்று அதற்குப் பெயர். உருவப்பட்ட குரல் சில இடங்களில் பாதிச் சொல்லாகத் தலைகாட்டி மறையும். பாட்டுக்குச் சொந்தக்காரரான பாடகரை மையத்திலிருந்து அகற்றி, அவர் இருந்த வெற்றிடத்தையே கேட்கவைத்தது டப். ஜோன்ஸ் இதிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் டப்பில் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. அது அறுப்பு. ஒரு தாளம் ஏழெட்டு நிமிடம் சுற்றுகிறது. நம் உடம்பு அதற்குப் பழகித் தலை தானாக ஆடத் தொடங்குகிறது. சரியாக அந்த நேரத்தில் ஒலி பட்டென்று அறுந்துபோகும். ஒரு நொடி ஒன்றுமே இருக்காது. மறுபடி வரும்போது ஒரு காதில் மட்டும் வரும், அல்லது கருவி தாங்கமுடியாத அளவுக்கு உரக்க, கரகரத்து வரும். முதல் தடவை கேட்டபோது வயர் போய்விட்டது என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். பல துண்டுகள் முடிவதே கிடையாது, நடுவில் நின்றுவிடுகின்றன. தாளத்தின் சமத்துக்கு வந்து சேர்கிற நிறைவு கேட்பவருக்கு மறுக்கப்படுகிறது.

கவிஞர் நண்பரின் கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அரசியல் என்றால் கருத்து, கருத்து என்றால் சொல், சொல் இல்லாவிட்டால் அரசியல் இல்லை என்பது நம்முடைய இயக்கப் பாடல் மரபு நமக்குள் போட்டுவைத்திருக்கும் சமன்பாடு. ழாக் அத்தாலி 1977இல் வெளியிட்ட, இரைச்சலைப் பற்றிய நூலில் இதை வேறுவிதமாகப் பார்க்கிறார். எந்த ஒலி இசை, எந்த ஒலி இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் வேலை. ஆகவே இசையின் அரசியல் அதன் ஒழுங்கமைப்பிலேயே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பதிவுசெய்து பெருக்கி விற்கும் கட்டத்தில் இசை கேட்பவரை மௌனமாக்குகிறது. யாரும் தமக்காகத் தாமே ஒலியைச் செய்துகொள்ளும் இன்னொரு கட்டம் அதற்கப்பால் சாத்தியம் என்கிறார். தனியறையில் நாடாவை வெட்டி ஒட்டிய ஜோன்ஸை அந்தச் சாத்தியத்தின் ஓர் உதாரணமாகப் பார்க்கலாம்.

4

தலைப்புகளுக்கு வருவோம். இங்கேதான் தொழிற்சங்கத் தோழரின் கோபம் நியாயம் பெறுகிறது. ஒலியில் சொல் இல்லாததற்கெல்லாம் சேர்த்து உறைமேல் சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன. 1983இல் ‘காபூல்’, அப்போது ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தது. 1988இல் ‘தி ரேப் ஆஃப் பாலஸ்தைன்’; முதல் இன்திஃபாதா தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. லெபனான் தேர்தலில் ஹெஸ்புல்லா முதல்முறையாகப் போட்டியிட்ட 1992க்கு மறு ஆண்டு ‘வோட் ஹெஸ்புல்லா’. ஆஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தான 1993இல் துரோகம் என்று பொருள்படும் ‘பிட்ரேயல்’. அந்த ஒப்பந்தத்தை ஸெய்தும் கடுமையாக எதிர்த்தார் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

பத்திரிகைத் தலைப்புச் செய்திகளை வரிசையாகப் படிப்பது போலத்தான் இருக்கிறது. தலைப்புச் செய்தியின் குறைபாடும் அப்படியே இருக்கிறது. 1987இல் வந்த தொகுப்பின் பெயர் ‘அபு நிதால்’. யார் இந்த அபு நிதால்? பாலஸ்தீன விடுதலை இயக்கத்திலிருந்து பிரிந்துபோய், அந்த இயக்கத்தவர்களையே கொன்ற குழுவின் தலைவர். லண்டனில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பிரதிநிதியாயிருந்த சயீத் ஹம்மாமி 1978இலும், இஸ்ரேலியர்களோடு பேச்சுக்கு முயன்ற இஸ்ஸாம் சர்த்தாவி 1983இலும் அக்குழுவால் கொல்லப்பட்டார்கள். பாலஸ்தீனர்களைக் கொன்றவரின் பெயர் பாலஸ்தீன ஆதரவு இசையின் உறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது எதிர்ப்பு எல்லாம் ஒரே எதிர்ப்பாகத் தெரியும். உள்ளிருக்கும் முரண்கள் தெரியாது. நிலத்தைப் பெண்ணுடலாக்கி அதன்மேல் நடக்கும் வன்முறையை வன்புணர்ச்சி என்று பெயரிடுவதும், 1993இல் வந்த ‘வெய்ல்ட் சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் முக்காடிட்ட சகோதரிகளை ஒரு மர்மமாக்குவதும் பெண்ணியத் தோழர்களின் கேள்விக்குத் தப்பாது. தப்பவும் கூடாது.

இதை நான் பாலஸ்தீனருக்காகக் கேட்கும் கேள்வியாக மட்டும் வைத்திருக்க முடியாமல் செய்தது 1998இல் வெளிவந்த ‘முல்லா செய்த்’ தொகுப்பு. அதில் ஒரு துண்டின் தலைப்பு ‘முஸ்லிம்ஸ் டை இந்தியா’. இந்தியாவில் முஸ்லிம்கள் சாகிறார்கள். அவ்வளவுதான். அதைப் படித்ததும் என் நினைவுக்கு வந்த ஊர் கோவை. 1997 நவம்பர் கடைசியிலும் அதையொட்டிய நாட்களிலும் அங்கே 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14இல் நடந்த குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். நமக்கு இது உக்கடம், கோட்டைமேடு என்று தெருப்பெயரோடு தெரியும். எந்தக் கொலையை எந்தக் கமிஷன் விசாரித்தது, எதை யாரும் பேசுவதில்லை என்பதும் தெரியும். அந்தத் தலைப்பில் இதெல்லாம் இல்லை. யார் கொன்றார்கள் என்பதுகூட இல்லை. ‘சாகிறார்கள்’ என்ற வினையில் கொலைகாரன் காணாமல் போய்விடுகிறான்.

ஒருபக்கம், தூர தேசத்தில் ஒருவர் நம் ஊரின் பிணங்களைக் கவனித்திருக்கிறாரே என்ற நெகிழ்ச்சி. இன்னொரு பக்கம், நம்மைப் பற்றித்தான் பேசுகிறார், ஆனால் நம்மிடம் பேசவில்லை என்ற எரிச்சல். இரண்டும் சேர்ந்தே எழுந்தன. பாலஸ்தீனத்துக்காக நாம் எழுதும் கவிதைகளையும் ஒட்டும் சுவரொட்டிகளையும் ரமல்லாவில் ஒருவர் பார்க்க நேர்ந்தால் அவருக்கும் இப்படித்தான் இருக்குமோ? ஈழத்தைக் கண்ணால் பார்க்காமலே பக்கம் பக்கமாக எழுதிய நம் தலைமுறைகள், முக்கியமாக நான் உட்பட, இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிப் போக முடியாது.

5

காயத்ரி ஸ்பிவக் 1988இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில் ‘ரெப்ரசன்டேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் இரண்டு அர்த்தங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, ஒருவருக்காக நின்று பேசுவது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதிக்காகப் பேசுவது போல. இது பிரதிநிதித்துவம். மற்றது, ஒருவரை மறுபடி காட்டுவது. ஓவியம், நாவல் செய்வது போல. இது சித்தரிப்பு. ஒடுக்கப்பட்டோருக்காக அறிவுஜீவி பேச வேண்டியதில்லை, அவர்களே பேசிக்கொள்வார்கள் என்று ஃபூக்கோவும் தெலூஸும் சொல்லும்போது இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பி, சொல்கிறவர்கள் தாமே மறைந்துகொள்கிறார்கள் என்பது ஸ்பிவக்கின் குற்றச்சாட்டு. தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று நம் பத்திரிகைகளில் நடந்த சண்டைகளிலும் இந்தக் குழப்பம் இருந்தது.

இந்தப் பிரிப்பை முஸ்லிம்காஸின்மேல் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. தலைப்புகள் பிரதிநிதித்துவத்தைக் கோருகின்றன. கேட்காத கட்சிக்கு வாக்குக் கேட்கின்றன. அவற்றை நான் ஏற்கவில்லை. ஒலியோ சித்தரிப்பு வேலையில் இறங்குகிறது. அரபு, பாரசீக, உருதுக் குரல்களின் துண்டுகள் எங்கிருந்தோ எடுக்கப்பட்டு வட்டங்களாகச் சுற்றவிடப்படுகின்றன. பாடியவர் யார், எங்கே பதிவானது என்ற விவரம் பெரும்பாலும் கிடையாது. இது பறிப்புதான், சந்தேகமில்லை. நம் ஊர் ஒப்பாரியையும் பறையையும் சினிமாக்காரர்கள் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும்போது நாம் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும்.

ஆனால் அந்தச் சித்தரிப்பு முழுமையடைய ஒலி விடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள். ‘அபு நிதால்’ வெளிவந்த அதே 1987இல் லண்டன் மதுக்கூடமொன்றில் சில சிறு இசை நிறுவனத்தார் கூடி, மேற்கல்லாத இசைகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று பேசி, ‘உலக இசை’ என்ற பெயரை விற்பனைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அலமாரியில் அரபுக் குரல் வழவழப்பாகக் கிடைக்கும். பாலைவனம், ஒட்டகம், நிலா எல்லாம் சேர்ந்து வரும். கேட்பவர் சாய்ந்து உட்கார்ந்து ரசிக்கலாம். ஸெய்த் 1978இல் எழுதிய கீழைத்தேயவாதம் சரக்காக மாறிய வடிவம் அது. ஜோன்ஸிடம் அப்படிச் சாய்ந்து உட்கார முடியாது. அந்தக் குரலில் நாம் லயிக்கத் தொடங்கும் இடத்திலேயே அது அறுக்கப்படுகிறது. ‘கிழக்கை’ நுகரப்போன காதுக்கு இரைச்சல் கிடைக்கிறது. மான்செஸ்டரில் கேட்கும் வானொலி அலை இடையில் முறிவது போல, இந்தத் தகவல் தொலைவிலிருந்து வருகிறது, பழுதுபட்டு வருகிறது, இது உனக்கு முழுதாகப் புரியாது என்று அந்த அறுப்பு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

தலைப்புகள் எல்லாம் தெரிந்தது போலப் பேசுகின்றன. ஒலி, தனக்குத் தெரியாததை மறைக்காமல் காட்டுகிறது. ஒரே ஆள் செய்த ஒரே தொகுப்புக்குள் இவை ஒன்றையொன்று மறுக்கின்றன. இந்தப் பிளவைக் கேட்பதற்காகத்தான் இவரைக் கேட்கச் சொல்கிறேன். மாணவர் சொன்னது போல 1982லேயே நின்றார் என்பது மரியாதைக்குரியது. ஆனால் நிற்பதும் பேசுவதும் ஒன்றல்ல. தோழர் சொன்னது போல வேஷமும் இருக்கிறது; ஆனால் வேஷத்தைக் கிழித்துக்கொண்டே ஆடுகிற ஆட்டமாக இருக்கிறது.

6

எங்கிருந்து தொடங்குவது? தொண்ணூறுக்கும் மேல் என்றதும் மலைத்துவிட வேண்டாம். எல்லாம் சமமான தரமும் இல்லை. சும்மா ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்புகளும் நிறைய. நான் சொல்வது இந்த வரிசை.

முதலில் ‘முல்லா செய்த்’ (1998). மெதுவான, கனத்த கீழ்ச்சுருதி. மேலே கைத்தாளமும் தெருப்பேச்சு போன்ற குரல்களும். துண்டுகள் பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டியவை. புதிதாகக் கேட்பவரை அதிகம் துன்புறுத்தாது. தலைப்பு தரும் தொல்லையை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து ‘ஸுல்ம்’ (1992). கொடுமை, அநீதி என்று பொருள்படும் அரபுச் சொல். தாளக்கருவிகளின் அடர்த்தியை அனுபவிக்க இதுதான் சரியான இடம்.

மூன்றாவது ‘வெய்ல்ட் சிஸ்டர்ஸ்’ (1993). இரண்டு குறுந்தகடுகள். இரவில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டியது. டப்பிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பது இதில் துலக்கமாகத் தெரியும்.

நான்காவது ‘அஸ்ஸாஸின்’ (1996). தாளம் குறைந்து, மின் ஓசையே மிஞ்சி, காதைக் குத்தும் தொகுப்பு. முன் மூன்றும் பழகாமல் இதற்கு வந்தால் வெறுத்துப்போகும். ‘கிழக்கின்’ அடையாளங்களை ஏறக்குறைய உதறிவிட்ட நிலையில் இவரிடம் என்ன எஞ்சுகிறது என்று இதில் பார்க்கலாம்.

நண்பர் எனக்குச் சொன்னதையே நானும் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை தலைப்புப் பார்க்காமலும், மறுமுறை தலைப்போடும் கேளுங்கள். முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் ரசனையோடு நின்றுவிடும். சேர்ந்து கேட்டால் சண்டை வரும்.

இத்தோடு நிறுத்தினால் நானும் மான்செஸ்டரிலேயே நின்றுவிட்டவனாவேன். ஆகவே ஐந்தாவதாக இன்னொருவர். ரமல்லாவைச் சேர்ந்த முகாதஆ என்ற தனி மின்னணு இசைஞர், ‘ரமல்லா அண்டர்கிரவுண்ட்’ குழுவில் இருந்தவர். பழைய அரபு இசைத்தட்டுத் துண்டுகளையும் தன் ஊரின் தெரு ஒலிகளையும் நொறுக்கி அடுக்குகிறார். ‘இன்கானகுன்து’ (2018), ‘காமில் மன்கூஸ்’ (2021) என்ற இரண்டு தொகுப்புகளையும் கட்டாயம் கேளுங்கள். முகாதஆ என்ற அரபுச் சொல்லுக்குப் புறக்கணிப்பு என்றும், இடைமறிப்பு என்றும் பொருளுண்டு. ஜோன்ஸ் தொலைவிலிருந்து செய்த அறுப்பை இவர் உள்ளிருந்து செய்கிறார். இங்கே முறிவது வானொலி அலையல்ல. மின்சாரமும் சாலையும் முறிகிற ஊரின் அன்றாடம். குரல் யாருடையது என்ற கேள்விக்கு இவர் சொல்லும் பதிலும் வேறு: இது எங்கள் வீட்டுக் குரல், நான் அதை உடைத்து மறைத்து வைத்திருக்கிறேன்.

இருவரையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு ஜோன்ஸ் எனக்குச் சிறியவராகிவிடவில்லை. அவர் நின்ற இடம் எது என்பது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு முகாதஆவை எடுத்துவரப் போகிறேன். தொழிற்சங்கத் தோழர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். “வரேன், ஆனா சண்ட போடத்தான் வரேன்” என்றார். வரட்டும்.